நாளை காலை திரை நிற்கும்

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இடப்பட்டிருந்தது. எதிரே இருப்பவளுக்கு எங்கே கையெழுத்திடுவது என்றுகூடத் தெரியாது என்ற நம்பிக்கையில் இடப்பட்ட குறி.

"படிக்க ஒண்ணுமில்லம்மா. நாலு வரிதான்," என்றார் கணினித் துறைத்தலைவர். காகிதத்தின் மேல் பேனாவையும் மூடி கழற்றி வைத்திருந்தார்.

அவள் படித்தாள். நான்கு அல்ல, ஐந்து வரிகள். சென்ற வியாழக்கிழமை காலை மருத்துவமனையின் தரவுத்தளம் முப்பத்தைந்து நிமிடம் செயலிழந்ததற்கு என் கவனக்குறைவே காரணம், இனி அவ்வாறு நிகழாது, நிகழ்ந்ததற்கு வருந்துகிறேன். இவ்வளவும் அவள் வாய்மொழியாக எழுதப்பட்டிருந்தன.

"இதுல மூணு விஷயம் இருக்கு சார். வருத்தம் நிஜம். மத்த ரெண்டும் பொய்."

"என்னது பொய்?"

"கவனக்குறைவு என்னோடது இல்ல. இனிமே நடக்காதுங்கறதும் பொய். இன்னிக்குச் செவ்வாய். நாளன்னிக்கு மாசக் கடைசி வியாழன், திரும்பவும் நடக்கும்."

துறைத்தலைவர் நாற்காலியில் சாய்ந்தார். கோபக்காரர் அல்லர், பொறுமையாகப் பேசியே எதிராளியைக் களைப்படையச் செய்பவர். "இங்க பாரு. போட்டா ஒரு எச்சரிக்கைக் கடிதம், ஃபைல்ல தூங்கும். போடலன்னா விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடுவாங்க. வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு யோசனையா?"

"ஒரு கையெழுத்துக்குத்தான் சார் நானும் ரெண்டு வருஷமா அலையறேன்," என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி அவர் பக்கமே நகர்த்திவைத்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மருத்துவமனையின் தரவுத்தளத்தைப் பராமரிப்பது அவள் வேலை; அந்த இரண்டு ஆண்டுகளில் அவள் பதினொரு மனுக்கள் எழுதியிருந்தாள். அதனாலேயே அலுவலகத்தில் அவளுக்கு மனுக்காரி என்று பெயர். பதினொன்றிலும் வேண்டுகோள் ஒன்றே: தரவுத்தள மென்பொருள் தன் தற்காலிகக் கோப்பை வைக்கும் இடத்தைச் சிறிய டிஸ்க்கிலிருந்து பெரிய டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். சர்வரில் எந்த மாற்றத்தையும் துறைத்தலைவர் மாற்றப் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகே செய்யலாம்.

விஷயம் இவ்வளவுதான். தரவுத்தள மென்பொருள் தன்னிடம் கேட்டதை முதலில் நினைவகத்துக்குள்ளேயே வரிசைப்படுத்தப் பார்க்கும். நினைவகத்தில் கொள்ளாவிட்டால், துவைத்த துணிகளைக் கட்டிலில் கொட்டி மடிப்பதுபோல, டிஸ்க்கில் ஓரிடத்தில் எல்லாவற்றையும் பரப்பிப் பிரிக்கும். அந்தக் கட்டில்தான் தற்காலிகக் கோப்பு. எங்கே பரப்புவது என்பதை நிறுவும்போதே மென்பொருள் கேட்கும். பத்தாண்டுகளுக்கு முன், மருத்துவமனையில் நாற்பது படுக்கைகள் இருந்த காலத்தில், அதைத் தம் கையாலேயே நிறுவிய துறைத்தலைவர், கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' என்ற பொத்தானை அழுத்திக்கொண்டே போனார். 'இந்தச் சிறிய டிஸ்க்கிலேயே வைத்துக்கொள்ளட்டுமா?' என்ற கேள்விக்கும் அதே சரி.

இப்போது படுக்கைகள் அறுநூறு. ஒவ்வொரு வியாழனும் பத்து மணிக்கு ஆய்வுக் கூட்டம். அதற்காக ஒன்பது பத்துக்குத் துறைத்தலைவர் தம் அறையிலிருந்து ஓர் அறிக்கையை ஓட்டுவார்: மூன்றாண்டுகளில் நடந்த அத்தனை பரிசோதனைகளும், வார்டு வாரியாக, வண்ண வரைபடங்களுடன். மென்பொருள் அவ்வளவையும் சிறிய டிஸ்க்கில் பரப்பும். இரண்டு வாரம் தாங்கும்; மூன்றாம் வாரம் டிஸ்க் நிரம்பும். நிரம்பிய கணத்தில் எல்லா வார்டுகளிலும் கணினித் திரை நின்றுவிடும். யாருடைய இரத்தப் பரிசோதனை முடிவும் எந்த மருத்துவர் கண்ணிலும் படாது.

அதன்பின் நடப்பது ஒரு சடங்கு. துறைத்தலைவர் சர்வர் அறையைத் திறப்பார். சாவி அவரிடம் மட்டுமே உண்டு. மென்பொருளை நிறுத்தி எழுப்புவார். அது எழும்போது, பரப்பிய தற்காலிகக் கோப்பைத் தானே அழித்துவிட்டு எழும். டிஸ்க் பாதிக்குமேல் காலியாகிவிடும். உடனே அவர் கைப்பேசியை எடுத்து அந்தத் திரையைப் படம் பிடித்து, மனுவுடன் இணைத்து, ஓரத்தில் எழுதுவார்: 'இடம் தாராளமாக உள்ளது. நடவடிக்கை தேவையில்லை.' பதினொரு மனுக்கள், பதினொரு படங்கள். நான்காம் மனுவுடன் அவளும் நிரம்பிய டிஸ்க்கின் படம் ஒன்றை இணைத்திருந்தாள். அதன் ஓரத்தில் அவர் எழுதியது: 'பழைய படம்.'

ஆனால் சென்ற வியாழன் நிரம்பியது ஓர் ஆளின் உயிரோடு விளையாடிவிட்டது. சிறுநீரக வார்டில் ஒருவருக்கு இதயத் துடிப்பு தடுமாறியது. அவருடைய பொட்டாசியம் எவ்வளவு என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. திரையோ நின்றிருந்தது. ஆய்வகத் தொலைபேசியும் கிடைக்கவில்லை. பத்தொன்பது வார்டுகளும் ஒரே நேரத்தில் அதையே அழைத்துக்கொண்டிருந்தன. அந்த வார்டின் தலைமைச் செவிலி மூன்று மாடி இறங்கி ஆய்வகத்துக்கு ஓடி, எண்ணை முன்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, மூன்று மாடி ஏறி வந்தாள். ஏழு புள்ளி ஒன்று; ஐந்துக்குள் இருக்க வேண்டியது. இன்னும் கால்மணி தாமதித்திருந்தால் எண்ணுக்கு வேலை இருந்திருக்காது என்றார் மருத்துவர்.

அந்தச் செவிலி மனுக்காரியின் நாத்தனார்.

*

"போட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டபடியே நாத்தனார் அன்று மாலை படியிறங்கி வந்தாள். மேல்மாடியில் குடியிருப்பவள், கீழ்வீட்டுக் கதவைத் தட்டும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"இல்ல."

"நல்லவேளை. போட்டிருந்தா இந்த வீட்டுல எனக்கு அண்ணி இல்லன்னு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

சாப்பாட்டு மேசையில் கடிதம் விரிந்து கிடந்தது. மனுக்காரியின் கணவன் அதன்மேல் தண்ணீர்க் குவளையை வைக்கப்போய், மனைவி பார்த்த பார்வையில், கையிலேயே வைத்துக்கொண்டான். லிஃப்ட் பழுதுபார்ப்பவன். பகலெல்லாம் இருட்டுக் குழிகளில் நின்று மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு வீடு திரும்புபவனுக்கு, எந்தச் சண்டையும் சீக்கிரம் முடிந்தால் நல்லது.

"நான் ஒண்ணு சொல்லவா? கோபப்படக் கூடாது. ஒரு வரி எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுபோகுது. லிஃப்ட் நின்னா நாங்களும் முதல்ல ஆஃப் பண்ணி ஆன் பண்றதுதான். உன் சார் பண்றதுல என்ன தப்பு?"

"ஆன் ஆயிடுச்சுன்னா வீட்டுக்கு வந்துடுவீங்களா?"

"அதெப்படி? ஏன் நின்னுதுன்னு பாக்க வேணாமா?"

"எதுக்குப் பாக்கணும்? அதான் ஓடுதே."

"உள்ள ஆள் ஏறுவானே!" என்றான் அவன், கொஞ்சம் சூடாகவே. சொன்ன பிறகுதான் தான் எந்தப் பக்கம் பேசிவிட்டோம் என்பது அவனுக்கு விளங்கியது. குவளையைத் தரையில் வைத்தான்.

நாத்தனார் கைகொட்டிச் சிரித்தாள். "அண்ணா, நீ வாயத் திறக்காம இருந்தப்பவே உனக்கு ஆதரவு அதிகம்."

"சரி, போடாத," என்றான் கணவன். "ஆனா சும்மா போடாம மட்டும் இருந்தா என்ன ஆகும்? உன்ன வெளிய அனுப்புவாங்க. வியாழக்கிழமை அதுபாட்டுக்கு நிக்கும். அவர் வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். இவ மறுபடி மூணு மாடி ஓடுவா."

அது உண்மை. மறுப்பது மட்டும் போதாது என்பதை அவள் அலுவலகத்திலிருந்து நடந்து வரும்போதே கணக்கிட்டிருந்தாள். கடிதத்தைத் திருப்பி, பின்பக்க வெறுமையில் பென்சிலால் எழுதத் தொடங்கினாள்.

"பன்னெண்டாவது மனுவா?" என்றாள் நாத்தனார்.

"மனு இல்ல. அறிவிப்பு."

*

புதன் காலை பத்து மணிக்குள் பத்தொன்பது வார்டுகளின் பலகையிலும் அந்த அறிவிப்பு தொங்கியது.

'நாளை வியாழக்கிழமை காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு ஆய்வுக் கூட்ட அறிக்கை ஓட்டப்பட்டால், அடுத்த பத்து நிமிடங்களுக்குள் எல்லா வார்டுகளிலும் திரை நிற்கும். ஒன்பது மணி முதல் பரிசோதனை முடிவுகள் காகிதத்தில் வார்டுக்கே கொண்டுவந்து தரப்படும். யாரும் படியேறி ஓட வேண்டாம்.' கீழே அவளுடைய பதவியும் கையெழுத்தும்.

முதல் வரைவில் 'நிற்கக்கூடும்' என்றுதான் எழுதியிருந்தாள். ஐயம் இல்லாத இடத்தில் ஐயத்தைக் காட்டுவது பணிவாகாது, கோழைத்தனம் என்று தோன்றவே அடித்துவிட்டாள்.

காகித ஏற்பாட்டுக்கு ஆய்வகப் பொறுப்பாளர் மறுபேச்சுப் பேசவில்லை. பரிசோதனைக் கருவிகள் தரவுத்தளத்தின் தயவில்லாமல் நேரே அச்சிடும். எடுத்துச் செல்ல நான்கு பணியாளர்களையும் அவர் ஒதுக்கினார். "போன வாரமே ரெண்டு கட்டு பேப்பர் எடுத்து வச்சுட்டேன்," என்றார். "நீங்க சொல்லுவீங்கன்னு இல்ல. உங்க சார் திருந்துவார்னு எனக்கு நம்பிக்கை இல்ல."

பதினொன்றரைக்குத் துறைத்தலைவர் அழைத்தார். பலகையிலிருந்து பிடுங்கிய அறிவிப்பு ஒன்று மேசைமேல் இருந்தது. நான்கு மூலையிலும் ஊசி குத்திய துளைகள்.

"இது என்ன, ஜோசியமா?"

"இல்ல சார். ஜோசியத்துல நேரம் இவ்வளவு சரியா இருக்காது."

"யாரைக் கேட்டு ஒட்டின?"

"யாரையும் கேக்கல."

"எல்லாத்தையும் கிழிச்சிட்டு வா."

"நீங்க கிழிக்கலாம் சார், அதிகாரம் இருக்கு. ஆனா கண்காணிப்பாளருக்கு ஒரு நகல் போயிருக்கு. வார்டுல எல்லாரும் படிச்சாச்சு. கிழிச்சா, எதுக்குக் கிழிச்சாங்கன்னும் படிப்பாங்க."

அவர் பொறுமையைத் தேடுவது முகத்தில் தெரிந்தது. பொறுமை இருந்த இடத்தில் இல்லை.

"சார்," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தாமல், "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நாளைக்கு அந்த ரிப்போர்ட்ட ஓட்டாதீங்க. திரை நிக்காது. நான் எழுதினது பொய்யாயிடும், ஊரே என்னப் பாத்துச் சிரிக்கும். இன்னொண்ணு, இப்பவே மாற்றப் பதிவேட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க. ஒரு வரி மாத்தி, ரெண்டு நிமிஷம் நிறுத்தி எழுப்பணும். அவ்வளவுதான். நீங்க ஓட்டற ரிப்போர்ட் நீங்க ஓட்டலாம்."

"பத்து வருஷமா ஓடற சிஸ்டம். என் கையால நிறுவினது. அதுல குத்தம் கண்டுபிடிக்க உனக்கு…" வாக்கியத்தை முடிக்காமல் விட்டு, வேறிடத்தில் தொடங்கினார். "நான் மூணாவது வழி சொல்றேன். இன்னிக்குச் சாயங்காலமே நான் ரீஸ்டார்ட் பண்ணி டிஸ்க்கச் சுத்தமா காலி பண்ணி வைக்கிறேன். நாளைக்கு எப்படி நிக்குதுன்னு பாத்துடலாம்."

வழக்கமாக இரண்டு வாரம் தாங்கும் டிஸ்க். மற்ற வியாழன்களில் அந்த வழி பலித்திருக்கும். ஆனால் நாளை மாதக் கடைசி. நாளைய அறிக்கையில் மூன்றாண்டுகளல்ல, தொடக்கம் முதல் பத்தாண்டுகளும் அடக்கம். மாதக் கடைசி வியாழன்களில் டிஸ்க் எந்த நிலையில் இருந்தாலும் திரை நின்றிருக்கிறது. ஐந்தாம் மனுவின் மூன்றாம் பத்தியில் அவளே எழுதியது. அவர் அதைப் படித்திருந்தால் இந்த மூன்றாம் வழி தோன்றியிருக்காது.

"பண்ணுங்க சார்," என்றாள். "எவ்வளவு காலியா இருக்குன்னு வழக்கம்போல ஒரு படமும் எடுத்து வச்சுக்குங்க."

*

வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்திலிருந்து முதல் கட்டுக் காகிதங்கள் கிளம்பின. ஒன்பது ஐந்துக்கு யாரும் எதிர்பாராத ஒருவர் தரைத்தளத்துக்கு இறங்கி வந்தார். மருத்துவமனைக் கண்காணிப்பாளர், ஒரு காலத்தில் அறுவை மருத்துவர், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர். கையில் அறிவிப்பின் நகல்.

"எது நிக்கும்னு எழுதியிருக்கியோ, அத நேர்ல பாக்கலாம்னு வந்தேன்," என்றார் மனுக்காரியிடம். "சர்வர் ரூம் திறந்திருக்கா?"

"சாவி சார்கிட்டதான் இருக்கு மேடம்."

துறைத்தலைவர் திறந்துவிட்டார். குளிர்ந்த அறை, மூவருக்கு இடமில்லாத இடைவெளியில் மூவரும் நின்றார்கள். சுவரோரத் திரையில் இரண்டு பட்டைகளை மனுக்காரி காட்டினாள். "இது பெரிய டிஸ்க். முக்கால்வாசி காலி. இது சின்னது. இப்ப நாப்பத்தோரு ஜி.பி. காலி. இது ரெண்டத் தவிர வேற எதையும் பாக்க வேண்டாம்."

ஒன்பது பத்துக்குத் துறைத்தலைவர் தம் அறைக்குப் போய் அறிக்கையை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். நெற்றியில் குழப்பம் எதுவும் இல்லை. நேற்று தம் கையாலேயே காலி செய்தவர்.

சிறிய பட்டை நகரத் தொடங்கியது. முப்பது. இருபத்திரண்டு. குளிரூட்டியின் உறுமலைத் தவிரச் சத்தமில்லை. பதினொன்று. நான்கு. ஒன்பது பதினேழுக்குப் பட்டை முழுதும் சிவந்தது. பூஜ்யம்.

மாடியில் எந்த மணியும் அலறவில்லை. யாரும் ஓடவில்லை. நின்ற திரைகளுக்கு முன்னால் செவிலியர் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

துறைத்தலைவரின் கை விசைப்பலகையை நோக்கி நீண்டது. பழகிய கை. மனுக்காரி நகராமல் நின்றாள். அந்த இடைவெளியில் அது போதுமாயிருந்தது.

"நகரும்மா. ரீஸ்டார்ட் பண்ணணும்."

"ரீஸ்டார்ட்டும் மாற்றம்தான் சார். பதிவேட்டுல எழுதி, டிஸ்க் நிலவரத்தக் குறிச்சு, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் பண்ணணும். ஏழாவது விதி. நீங்க எழுதினதுதான்."

"பேஷண்ட் காத்துட்டிருக்காங்க!"

"இன்னிக்கு யாரும் காத்திருக்கல சார். போன வாரம் காத்திருந்தாங்க."

"மேடம்," என்று அவர் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார், "இதுல இடப் பிரச்சினையே கிடையாது. இவங்க சும்மா பெரிசு பண்றாங்க. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நானே காலி பண்ணி, நானே படம் எடுத்திருக்கேன். பாருங்க." கைப்பேசியை நீட்டினார்.

கண்காணிப்பாளர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு சுவர்த்திரையைப் பார்த்தார். மறுபடி படத்தை.

"இதுல நாப்பத்தொண்ணு காலி."

"ஆமா மேடம்."

"அதுல பூஜ்யம்."

துறைத்தலைவர் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இந்த ஏழு நிமிஷத்துல இங்க நடந்தது உங்க ரிப்போர்ட் ஒண்ணுதானே? இந்த ரூம் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட மட்டும்தான்."

"அப்ப இது பழைய படமும் இல்ல," என்றார் கண்காணிப்பாளர். நான்காம் மனுவையும் அவர் படித்திருந்தார் என்பது அந்தச் சொல்லில்தான் வெளிப்பட்டது. மனுக்காரியிடம் திரும்பினார். "சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு நிமிஷம் மேடம். அதுக்கு முன்னால ஒரு கையெழுத்து."

பதிவேடு அவள் கையில்தான் இருந்தது. வேண்டிய விவரங்கள் எல்லாம் நேர்த்தியான எழுத்தில் முன்பே நிரப்பப்பட்டு, கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பென்சில் குறி எதையும் அவள் இடவில்லை. துறைத்தலைவர் இடத்தைத் தாமே கண்டுபிடித்துக் கையெழுத்திட்டார்.

அவள் அமைப்புக் கோப்பைத் திறந்து ஒரு வரியை அழித்து ஒரு வரியை எழுதினாள். எழுத்துப்பிழை உண்டா என்று இருமுறை பார்த்தாள். மென்பொருள் நின்று எழுந்தது. துறைத்தலைவர் தம் அறிக்கையை மீண்டும் ஓட்டினார். இம்முறை பெரிய பட்டை மயிரிழை அளவு குறைந்தது. சிறியது அசையவே இல்லை. பதினொரு நிமிடத்தில் அறிக்கை முடிந்தது. வரைபடங்களில் வண்ணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

அவள் கைப்பேசி ஒலித்தது. நாத்தனார்.

"அண்ணி, என்ன இது, திரை ஓடுது? காகிதம் வருது, முடிவு வருது, ஓடறதுக்கு வேலையே இல்ல. இன்னிக்கு மூணு மாடி இறங்கறதுக்குன்னே புதுச் செருப்பு போட்டு வந்தேன். ஏமாத்திட்டீங்களே!"

"சாயங்காலம் வீட்டுப் படியில இறங்கி வா. சரியாப் போயிடும்," என்று சொல்லி வைத்தாள்.

*

மதியம் கண்காணிப்பாளரின் அறையில் மேசைமேல், அவள் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுத்த அந்த ஐந்து வரிக் கடிதம் இருந்தது. பென்சில் குறி அப்படியே இருந்தது. அதன் மேல் எதுவும் எழுதப்படவில்லை. துறைத்தலைவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இனிமே அவசியமில்ல," என்று கண்காணிப்பாளர் கடிதத்தை ஒதுக்கினார். "போன வியாழக்கிழமை நடந்ததுக்கு வேற ஒருத்தர் விளக்கம் எழுதுவார். ஆனா நீ அறிவிப்பு ஒட்டினது அனுமதி இல்லாம. அத நான் கண்டுக்காம விட முடியாது. நாளைக்கு ஆளாளுக்கு ஒட்ட ஆரம்பிச்சுடுவாங்க. அதுக்கு நீ விளக்கம் எழுதித் தரணும். எச்சரிக்கை ஒண்ணு வரும்."

"நியாயம் மேடம்," என்றாள் அவள். ஒரு வெள்ளைத்தாளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே எழுதினாள். 'அறிவிப்பை எழுதியவளும் ஒட்டியவளும் நானே. அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. வருந்தவில்லை.' தேதி இட்டாள். செய்த செயலுக்கு உரிய கையெழுத்து ஆதலால், தன் பெயரை முழுவதும், ஓர் எழுத்தும் மழுப்பாமல், தெளிவாக எழுதினாள்.

கண்காணிப்பாளர் படித்தார். "கடைசி வார்த்தை வேணுமா?"

"நீங்க கேட்டது விளக்கம் மேடம். அது இல்லன்னா விளக்கம் முழுசாகாது."

அவர் மறுபடி ஒருமுறை படித்து, தாளைக் கோப்பில் வைத்தார்.

வெளியே தாழ்வாரத்தில் துறைத்தலைவர் அவளோடு சேர்ந்து நடந்தார். பிறகு, பழைய பொறுமையின் மிச்சம் கொஞ்சம் குரலில் ஒட்டியிருக்க, "கேட்டது கிடைச்சாச்சுல்ல? இனிமே மனு வராதே?" என்றார்.

"வரும் சார்," என்றாள் மனுக்காரி. "சர்வர் ரூமுக்குச் சாவி ஒண்ணுதான் இருக்கு."